ஆங்லியா 105இ, 1600 கிராஸ்ஃப்ளோ: சாலைக்கும் கால் மைலுக்கும் சேர்த்துத் தயார் செய்ய எதில் தொடங்குவது?

நீலஆங்லியா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1965 ஃபோர்டு ஆங்லியா 105இ, சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்க முடியும். 997 சிசி எஞ்சினுக்குப் பதில் ஃபோர்டின் 1600 சிசி கிராஸ்ஃப்ளோ எஞ்சின். பதிவிலும் 1600 என்றே இருக்கிறது. கம்ப்ரஷன் 10:1, இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர், 2000இ கியர்பாக்ஸ், முன்சக்கரத்தில் டிஸ்க், பின்னால் எஸ்கார்ட் ஆக்ஸில், ரேஷியோ 4.125. டயர் 185/60 ஆர்13. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு எஞ்சினிலேயே இருக்கிறது.

மூன்று சிக்கல்கள். ஒன்று, நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறது. இரண்டு, தீவு விரைவுச்சாலையில் நாலாவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) கேட்கிறது, 95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுகிறேன். மூன்று, கிளட்சை வேகமாக விட்டால் பின்பக்கம் டகடகவென்று குதிக்கிறது.

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் கால் மைல் ஓட்டும் நாள் ஒன்றுக்குக் கொண்டுபோக ஆசை. வண்டி நிற்பது வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில். அங்கே மின்சாரம் கிடையாது. பவர் கூட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

ஜெட்டும்_சோக்கும் எழுதியது:

பவரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். 740 கிலோ சொச்சம் எடையுள்ள உடம்புக்கு 1600 எஞ்சின் போதும். குட்டையாகவும் லேசாகவும் இருந்ததால்தான் அமெரிக்காவில் கேஸர் (கால் மைல் ஓட்டும் பழைய உடம்பு வண்டி) பந்தயக்காரர்கள் இதற்கு முந்தைய பழைய ஆங்லியாவைத் தேடிப் பிடித்து வி8 எஞ்சின் திணித்தார்கள். முதலில் இருப்பதைச் சரியாக எரிய வைப்போம்.

சூட்டில் எடுக்காததற்குக் காரணம் இரண்டில் ஒன்று: பெட்ரோல் கூடிப்போயிருக்கும், அல்லது வராமலே போயிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர் என்பதால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வண்டியை நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் கழித்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், டார்ச் அடித்து நான்கு தொண்டைகளுக்குள்ளும் பாருங்கள். நடுவில் நிற்கும் சின்ன வென்சுரியின் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் கூடிப்போய்விட்டது என்று பொருள். சொட்டவில்லை என்றால் லிங்கேஜைக் கையால் ஒருமுறை இழுங்கள். பம்ப் ஜெட்டிலிருந்து மெல்லிய நேர்க்கோடாகப் பீய்ச்ச வேண்டும். குமிழியோடு துப்பினாலோ வராமலே போனாலோ குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது.

சொட்டுகிறது என்றால் முதலில் பிரஷர். டிசிஓஇக்கு 3 பிஎஸ்ஐ பக்கம் போதும். கிராஸ்ஃப்ளோவின் மெக்கானிக்கல் பம்பு 5 வரைகூடத் தள்ளும். அது நீடில் வால்வைத் தாண்டிவிடும். ரெகுலேட்டர் போட்டு, அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் கேஜ் வைத்து அளந்து 3க்குக் கொண்டுவாருங்கள். அடுத்தது மிதவை மட்டம். பித்தளை மிதவைக்கு ஓர் அளவு, பிளாஸ்டிக் மிதவைக்கு வேறு அளவு. உங்கள் கார்புரேட்டர் மாடல் எண்ணைப் பார்த்து வையுங்கள். மூன்றாவது, கார்புரேட்டர் மேனிஃபோல்டில் இறுகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிசிஓஇ ரப்பர் ஓ-ரிங்கின் மேல் கொஞ்சம் அசையும்படி நிற்க வேண்டும். நட்டுக்குக் கீழே உள்ள சுருள் வாஷர்கள் முழுக்க நசுங்கும்வரை முறுக்கிவிட்டால், எஞ்சின் அதிர்வில் கிண்ணத்துப் பெட்ரோல் நுரைத்துவிடும். டியூனிங் சரியில்லை என்று ஜெட்டை மாற்றி மாற்றிப் போடுகிற பலருக்கும் உண்மையான சிக்கல் இந்த வாஷர்தான்.

வரவில்லை என்றால் குழாயின் பாதையைப் பாருங்கள். பம்பு எஞ்சின் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதால் சிங்கப்பூர்ச் சூட்டில் அதுவே பெட்ரோலைச் சுட வைக்கும். அதை எடுத்துவிட்டு ஓட்டையைத் தகட்டால் மூடி, டேங்குக்குப் பக்கத்தில், டேங்கைவிடத் தாழ்வாக, எலக்ட்ரிக் பம்பு வையுங்கள். ஆயில் பிரஷர் விழுந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்சும், மோதினால் நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சும் கட்டாயம் வேண்டும். கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு டீ போட்டு, 1 மி.மீ. துளையுள்ள ஜெட் வழியாக டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று இழுத்துவிட்டால் பெட்ரோல் சுற்றிக்கொண்டே குளிர்ந்திருக்கும்; நிறுத்தியதும் பிரஷரும் தானாக இறங்கிவிடும்.

நாக்கிங்: 10:1க்கு 95 போதாது, 98 ஊற்றுங்கள். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. வேகுவம் குழாய் இருந்தால் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்து அட்வான்ஸ் (பிளக் எத்தனை டிகிரி முன்கூட்டிப் பொறி விடுகிறது என்பது) எங்கே முடிகிறது என்று பாருங்கள். நின்ற நிலையில் 10 முதல் 12 டிகிரி, 3500 ஆர்பிஎம்முக்கு மேல் மொத்தம் 34 முதல் 36 என்று வர வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் 2500லேயே முழு அட்வான்ஸும் ஏறிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. ஸ்பிரிங்கை மாற்றாமல் மொத்த டைமிங்கையும் பின்னால் இழுத்தால் நாக்கிங் நிற்கும். கூடவே மேல் ஆர்பிஎம் பவரும் எக்ஸாஸ்ட் வழியாகச் சூடாக வெளியே போய்விடும்.

ஜெட்டுக்குத் தொடக்கக் கணக்கு: சோக் (தொண்டையின் குறுகல்) அளவை மி.மீ.ல் எடுத்து நாலால் பெருக்கினால் ஏறக்குறைய மெயின் ஜெட், அதோடு 50 கூட்டினால் ஏர் ஜெட். 32 சோக் என்றால் மெயின் 130, ஏர் 180. அங்கிருந்து லாம்டா மீட்டர் வைத்து, காற்று-பெட்ரோல் விகிதத்தை முழு மிதியில் 12.8க்கும் 13.2க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். பிளக் சாலைக்கு என்ஜிகே பிபி6இஎஸ், கால் மைல் ஸ்ட்ரிப்புக்கு பிபி7இஎஸ்.

இன்னொன்று. கம்ப்ரஷன் கூட்ட ஹெட்டைச் சீவச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கிராஸ்ஃப்ளோவில் எரியும் அறை பிஸ்டனின் தலையில் குழியாக இருக்கிறது. ஹெட்டின் முகம் தட்டை. சீவினால் கம்ப்ரஷன் ஏறாது, வால்வுதான் பிஸ்டனுக்குப் பக்கத்தில் வரும்.

ஆக்ஸில்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, அந்தக் குதிப்பை அப்படியே விட்டுட்டு செப்பாங் போகாதீங்க. கிளட்சை விட்டதும் ஆக்ஸில் தன் அச்சில் திரும்பப் பார்க்குது, லீஃப் ஸ்பிரிங் எஸ் மாதிரி வளையுது, டயர் பிடி விட்டதும் ஸ்பிரிங் படார்னு நிமிருது, திரும்பவும் பிடிக்குது. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் ஹாஃப் ஷாஃப்டுக்கு (சக்கரத்தைச் சுத்துற தண்டு) சுத்தியல் அடி.

முதல்ல ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல லோயரிங் பிளாக் இருக்கான்னு பாருங்க. இருந்தா எடுத்துடுங்க. ஆக்ஸில் ஸ்பிரிங்கை விட்டு எவ்வளவு தள்ளி நிக்குதோ அவ்வளவு நெம்புகோல் பலம் அதுக்குக் கிடைக்கும். வண்டி தாழ்வா வேணும்னா ஸ்பிரிங்கையே தட்டையா வளைச்சு வாங்குங்க. அப்புறம் ஆன்டி டிராம்ப் பார் (அந்தக் குதிப்பை அடக்குற கம்பி) ரெண்டு பக்கமும். பாரோட நீளம், ஸ்பிரிங்கோட முன் கண்ணுல இருந்து ஆக்ஸில் வரைக்கும் உள்ள நீளத்துக்குச் சமமா இருக்கணும், கிட்டத்தட்ட அதுக்கு இணையா ஓடணும். குட்டையாப் போட்டா ஆக்ஸில் மேலே போகும்போது ரெண்டும் வேற வேற வட்டத்துல சுத்தி ஒண்ணை ஒண்ணு இழுக்கும். சாலையில பள்ளம் விழுந்தா உடம்புத் தகடு கிழியும். பார் மாட்டுற இடத்துல வெறும் தரைத்தகட்டுல போல்ட் போடாதீங்க. 3 மி.மீ. தகடு பெட்டி மாதிரி மடிச்சு வெல்ட் பண்ணணும்.

ஹாஃப் ஷாஃப்டை வெளியே எடுங்க. பிரேக் டிரம்முக்குப் பின்னால நாலு போல்ட், ஸ்லைடு ஹேமர் போட்டா வந்துரும். ஷாஃப்ட் நீளத்துக்கு வெள்ளை பெயின்ட்ல நேர்க்கோடு ஒண்ணு போட்டு மாட்டுங்க. ஸ்ட்ரிப் நாள் முடிஞ்சு எடுத்துப் பார்க்கும்போது கோடு நேரா இருந்தா பிழைச்சுது. லேசாத் திருகியிருந்தாலும் அந்த ஷாஃப்டைத் தூக்கிப் போடுங்க, அடுத்தது உடையறதுதான். வெளியே எடுத்த கையோட பேரிங்கைப் பிடிச்சிருக்கிற அழுத்து வளையத்தைப் பாருங்க. அது நகர்ந்த அடையாளம் இருந்தா உடனே மாத்தணும். அந்த ஆக்ஸில்ல சக்கரத்தை உள்ளே பிடிச்சு வச்சிருக்கிறது அந்த வளையம் ஒண்ணுதான். அது கழன்டா ஷாஃப்டோட சேர்ந்து சக்கரமும் வெளியே வந்துரும்.

கேஸர்65 எழுதியது:

பின் ஆக்ஸில் ரேஷியோவை 4.4க்கு மாற்றிவிட்டால் முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் நன்றாக வரும், கிளட்சைக் கொடுமைப்படுத்த வேண்டியதில்லை. டிஃப்பை (டிஃபரன்ஷியல்) முன்பக்கமாகக் கழற்றி மாற்றுகிற ஆக்ஸில்தானே, ஒரு மதிய வேலை.

ஜெட்டும்_சோக்கும் எழுதியது:

கேஸர் அண்ணே சொல்வது ஸ்ட்ரிப்புக்குச் சரி, ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 185/60 ஆர்13 டயரின் சுற்றளவு சுமார் 1.73 மீட்டர். 4.125ல் 6500 ஆர்பிஎம் என்றால் நாலாவது கியரில் 164 கி.மீ., 2000இ பெட்டியின் மூன்றாவது கியரில் 117. சுமார் 100 குதிரைசக்தி எஞ்சினோடு இந்த எடை வண்டி 402 மீட்டர் முடிவில் 135 முதல் 140 கி.மீ. வேகத்தில் இருக்கும். அதாவது எந்த ரேஷியோவானாலும் முடிவுக் கோட்டை நாலாவது கியரில்தான் தாண்டுவீர்கள். 4.4 போட்டால் 140ல் 5550க்குப் பதில் 5900 சுற்றும். லாபம் உண்டு, சிறியது. ஆனால் இங்கே விரைவுச்சாலையில் 90ல் போகும்போது 3550 இருந்தது 3800 ஆகும். ஆண்டில் ஓரிரு நாள் ஸ்ட்ரிப்புக்காக மற்ற நாளெல்லாம் அந்த இரைச்சலோடு ஓட்ட வேண்டுமா? பணத்தை டிராம்ப் பாருக்கும் நல்ல ஹாஃப் ஷாஃப்டுக்கும் போடுங்கள். பின் டயர் காற்றை 2 பிஎஸ்ஐ வீதம் குறைத்து 22 வரை இறங்கிப் பாருங்கள், 60 அடி நேரம் அதிலேயே குறையும். திரும்பும் முன் பழைய அளவுக்கு ஏற்ற மறக்கக் கூடாது.

நீலஆங்லியா எழுதியது:

மிக்க நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்னால் உள்ள இரண்டு தொண்டைகளில் சொட்டுகிறது. கேஜில் 4.5 காட்டுகிறது. லோயரிங் பிளாக் ஒரு அங்குலம் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். டாப்பெட் இடைவெளி பார்த்தபோது எக்ஸாஸ்ட் வால்வு நாலும் இறுகியிருந்தது, போனமுறை 0.022 அங்குலம் வைத்தது இப்போது 0.017. தேய்ந்தால் இடைவெளி கூடத்தானே வேண்டும்?

ஈசூன்_20டபிள்யூ50 எழுதியது:

அது டாப்பெட் தேய்மானம் இல்லை, வால்வு சீட் தேய்கிறது. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், அதன் தண்டு ராக்கரை நெருங்கும், இடைவெளி குறையும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் 1998ல் நின்றுவிட்டது. உங்கள் ஹெட்டில் வெறும் வார்ப்பிரும்புச் சீட். முழு மிதியும் அதிக ஆர்பிஎம்மும்தான் அதை வேகமாகத் தின்னும், ஆகவே ஸ்ட்ரிப்புக்கு முன்னால் ஹெட்டைக் கழற்றி எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் நாலும் பொருத்துங்கள். அதுவரை இடைவெளியைச் சரிசெய்து மெதுவாக ஓட்டுங்கள். இறுகிய நிலையில் ஓட்டினால் வால்வு மூடாமல் விளிம்பு எரிந்துவிடும். வேறு கேம் போட்டிருந்தால் 0.022 என்பதை விட்டுவிட்டு அந்தக் கேமோடு வந்த அட்டையில் உள்ள அளவை வையுங்கள். கேமும் ஃபாலோயரும் உரசி ஓடும் வகை என்பதால் புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் வேண்டாம். துத்தநாகம் கூடுதலாக உள்ள 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். புதுக் கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலிருந்தே 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட விட வேண்டும், ஐடிலில் விடவே கூடாது.

இந்த வண்டிக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் கேடு. 45 நாள் போக மற்ற 320 நாளும் ஈரக் காற்றில் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது எஞ்சினுக்குள் தண்ணீரைச் சேர்க்கும் வேலை. ஆயில் நன்றாகச் சூடேற அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிட வேண்டும். எலக்ட்ரிக் பம்பு போட்டிருந்தால், நிறுத்தி வைக்கும் முன் அதை அணைத்து, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். டேங்க் நிறைய இருக்கட்டும், காலி இடத்தில்தான் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்யுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும்: புதிய டிஓடி 4 கொதிக்கும் வெப்பம் குறைந்தது 230 டிகிரி, ஈரமேறினால் 155 வரை இறங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், 402 மீட்டர் கோட்டுக்கு அப்புறம் அதை நம்பித்தான் நிற்கப் போகிறீர்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் வேண்டாம். இங்கே உறைபனி இல்லை என்றாலும் துரு தடுக்கும் கூலன்ட் தேவை.

பயணத்துக்கு: மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் காப்புறுதியும் முன்கூட்டியே பாருங்கள். சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயத்துக்குப் பொருந்தாது. எல்லையைத் தாண்டும்போது டேங்க் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் 1965 வண்டியின் பெட்ரோல் முள் உண்மை பேசும் என்று நம்பாதீர்கள்; முழுக்க நிரப்பிக்கொண்டு போங்கள். அந்தப் பக்கம் வெளிநாட்டு வண்டிக்கு ரான்95 தர மாட்டார்கள், 97 கிடைக்கும். உங்கள் 10:1க்கு எப்படியும் 95ஐவிட அதுதான் நல்லது. இந்த ஊர் ஃபோர்டு ஆலை 1980லேயே மூடிவிட்டது, பாகம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே ஒரு ஜோடி ஹாஃப் ஷாஃப்ட், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கண்டென்சர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் டிக்கியில் இருக்கட்டும்.

ஆக்ஸில்_அண்ணாச்சி எழுதியது:

பிளாக்கை எடுத்ததும் பழைய யூ போல்ட் நீளமா இருக்கும், மரை முடிஞ்சு நட்டு அடியில முட்டி நிக்கும். இறுகின மாதிரி தெரியும், ஆனா ஆக்ஸிலைப் பிடிச்சிருக்காது. குட்டை யூ போல்ட் நாலும் புதுசா வாங்கிப் போட்டு, 50 கி.மீ. ஓட்டிட்டு, வண்டி எடை சக்கரத்துல நிக்கும்போதே இன்னொரு தடவை இறுக்குங்க.