சொட்டு மருந்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குளச்சல் மைனி:

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெரு அங்கன்வாடியில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். என் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. முந்தின நாள் ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. இந்தச் சொட்டு மருந்தாலேயே பிள்ளைகளுக்குக் கால் விளங்காமல் போகிறது, அதை மறைக்கிறார்கள் என்று யாரோ ஒருவர் பேசியிருந்தார். பேசியவர் யாரென்றுகூடத் தெரியாது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் இதையே கேட்டபோது, "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் பயம் வளர்ந்ததே அந்தப் பதிலால்தான்.

விடுபட்ட பிள்ளைகளைத் தேடி இரண்டு நாள் கழித்து நர்சம்மா வீட்டுக்கே வந்தார். நான் கேட்டதும் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "மக்களே, நீ கேட்டதில் கொஞ்சம் உண்மை இருக்கு" என்றார். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமிதான், வீரியம் குறைத்தது. அது குடலில் வளர்ந்து, நிஜக் கிருமி வந்தால் அங்கேயே தடுக்கும். மிக மிக அபூர்வமாக அந்தக் கிருமியே வீரியம் பெற்று ஒரு பிள்ளையின் காலைப் பாதிக்கலாம். சுமார் 27 லட்சம் முதல் தவணைகளுக்கு ஒன்று என்பது கணக்கு. நிஜப் போலியோ தொற்றினாலோ, 200 பேரில் ஒருவருக்குக் கை கால் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும்.

அதுவரை அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் வெளியே வந்தார். அவருடைய தம்பிக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. அண்ணன்மார் எல்லாம் வள்ளத்தில் போக, அவர் ஆயுசு முழுக்கக் கரையில் உட்கார்ந்து வலை பின்னினார். "அன்னைக்கு இந்த ரெண்டு சொட்டு கிடைச்சிருந்தா அவனும் கடலுக்குப் போயிருப்பான்" என்றார். நான் பிள்ளையை எடுத்து நர்சம்மா மடியில் வைத்தேன்.

பேச்சிப்பாறை செவிலியர்:

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அணையைப் படகில் கடந்து தோட்டமலைப் பக்கம் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குச் சொட்டு மருந்து கொண்டுபோயிருக்கிறேன். மருந்துப் பெட்டியில் நான்கு ஐஸ் பொதிகள் வைப்போம். குப்பி ஒவ்வொன்றிலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைக் கொடுக்கக் கூடாது. நீங்களும் கேட்டுப் பாருங்கள், தாராளமாகக் காட்டுவார்கள்.

"எத்தனை தடவைதான் கொடுப்பீங்க?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் குடலில் வேறு கிருமிகளும் நிறைய இருப்பதால் ஒன்றிரண்டு தவணை போதாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். 1995-இல் நாடு முழுக்க ஒரே நாளில் கொடுக்கத் தொடங்கினோம். 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவில் நிஜப் போலியோவின் கடைசி நேர்வு.

ஆபத்தை யாரும் மறைக்கவில்லை. போலியோ கிருமியில் மூன்று வகை உண்டு. அதில் இரண்டாம் வகைக் கிருமி இயற்கையில் ஒழிந்த பிறகு, மருந்தில் இருந்த அந்த வகையே தொல்லையானது. அதனால் 2016 ஏப்ரல் 25 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போதைய சொட்டில் முதலாம் வகையும் மூன்றாம் வகையும் மட்டும்தான். அதோடு 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று கைத்தோலில் ஊசியும் போடுகிறோம். ஊசியில் இருப்பது செத்த கிருமி, அது வாதத்தை உண்டாக்காது. ஆனால் குடலில் கிருமி வளர்ந்து ஊருக்குப் பரவுவதைத் தடுக்கச் சொட்டு அளவுக்கு அதற்கு வலு இல்லை. இரண்டும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

தக்கலை அப்பா:

என் மகள் சொட்டு மருந்து எடுக்கக் கூடாதவள். அடிக்கடி நிமோனியா வந்து, திருவனந்தபுரத்தில் பரிசோதித்தபோது பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி குறைவு என்று தெரிந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீரியம் குறைத்த கிருமிகூட ஆபத்து, ஊசி மட்டும்தான் என்றார் டாக்டர். அவளுடைய அண்ணனுக்கும் சொட்டு வேண்டாம் என்றார், ஏனென்றால் மருந்துக் கிருமி சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் அவளைத் தொடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் பிள்ளைக்கு நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஊரில் தடுப்பூசி குறைந்து நிஜக் கிருமி வந்தால் முதலில் விழுவது என் மகளைப் போன்றவர்கள்தான். உங்கள் பிள்ளைக்கு அடிக்கடி பெரிய தொற்று வருகிறது என்றால் மட்டும் சொட்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

களியக்காவிளை:

என் மகள் கொடுத்த உடனே கக்கிவிட்டாள். சொன்னேன், மறுபடியும் கொடுத்தார்கள். வேறு ஒன்றும் ஆகவில்லை.

குளச்சல் மைனி:

எல்லாருக்கும் நன்றி. நர்சம்மா சொன்னதை அன்றைக்கே குடும்பக் குழுவில் என் குரலிலேயே பேசி அனுப்பியிருந்தேன். நேற்று நாத்தனார் கூப்பிட்டாள். அந்தப் பழைய செய்தியைக் கேட்டு அவளும் தன் மகனுக்கு இரண்டு தவணையை விட்டிருக்கிறாளாம். பிந்திப்போச்சே, இனி கொடுக்கலாமா என்று அழுதாள். சொட்டு மருந்தை ஐந்து வயது வரை கொடுக்கலாம் என்று நர்சம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். நாளை புதன்கிழமை, சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். அவளோடு நானும் போகிறேன்.