கரென் மக்களிடையே ஊழியம்: விருந்தினராகப் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

நாகர்கோவில், ஓய்வுபெற்ற செவிலியர்:

தாய்லாந்தின் மே சோட் நகரத்தில் சில மாதங்கள், சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஊழியத்தில் இருந்தேன். மோய் ஆற்றின் இக்கரை தாய்லாந்து, அக்கரை பர்மா. கரென் மக்கள் அந்த எல்லையின் இரு பக்கமும் வாழும் ஒரு இனத்தார். எங்களை அழைத்தது அங்குள்ள ஒரு கரென் பாப்டிஸ்ட் சபை. புறப்படும் முன் எங்கள் சபையார் ஜெபித்து அனுப்பியபோது, இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றுதான் சொன்னார்கள். போய் இறங்கிய நாளிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் அந்த மக்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மலைக்கிராமம் ஒன்றில் சபை மூப்பர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய மூங்கில் வீடு, இலை வேய்ந்த கூரை. செருப்பைக் கீழே விட்டு ஏணியில் ஏறி மூங்கில் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் சோறு, சுற்றிலும் மூங்கில் குருத்துக் குழம்பு, அவித்த கீரை, பூசணிக்காய், மிளகாயும் புளித்த மீன் விழுதும் உரலில் இடித்த துவையல். எங்கள் ஊர்க் கருவாட்டுச் சம்மந்தி (துவையல்) பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே படவில்லை. எங்களுக்காகக் கோழியும் அடித்திருந்தார்கள்.

அங்கே பல ஆண்டுகள் ஊழியம் செய்த ஒரு அம்மா எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்: "எதையும் வேண்டாம் என்று தள்ளாதே. ஆனால் கொஞ்சமாகப் போட்டுக்கொள். நீ எழுந்த பிறகுதான் வீட்டார் உட்காருவார்கள்." நாங்கள் கை கழுவியதும் வெற்றிலைத் தட்டு வந்தது. பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் நம் வீட்டில் இருப்பதுபோலவே. அதன் பிறகுதான் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோழித் துண்டுகள் மிஞ்சியிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரவு அங்கேயே தங்கினோம். வீட்டிலிருந்த ஒரே நல்ல கொசுவலையை எனக்குக் கட்டினார்கள். மலேரியா உள்ள எல்லைப் பகுதி அது; பக்கத்தில் கைக்குழந்தை வேறு. மறுத்தால் அவர்கள் மனம் நோகும், சும்மா இருந்தால் என் தொழில் மனசாட்சி விடாது. குழந்தையோடு எனக்குத் துணையாகப் படுத்துக்கொள்ளும்படி அந்தத் தாயைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே வலைக்குள் வந்து படுத்தாள்.

மே லா முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மாவில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்த கரென் மக்களுக்காக 1984-ல் தொடங்கிய அகதி முகாம். எல்லையிலுள்ள ஒன்பது முகாம்களில் பெரியது. சுண்ணாம்புக் குன்றின் அடியில் நெருக்கியடித்த மூங்கில் வீடுகள். அப்போது அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் பங்கீடாகத்தான் கிடைத்தன. அங்கேயே பிறந்து, அங்கேயே மணமுடித்து, முகாமுக்கு வெளியே ஒரு வாழ்க்கையை அறியாதவர்கள் இருக்கிறார்கள். அளந்து வாங்கிய அந்த அரிசியிலிருந்துதான் எங்களுக்கும் சோறு வடித்தார்கள். இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அவர்களில் எழுந்த ஊழியர்களைப் பற்றி நம் சபைகளில் போதுமான அளவு பேசுவதில்லை. டாக்டர் சிந்தியா மாவுங் ஒரு கரென் கிறிஸ்தவர். பர்மாவில் ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 மக்கள் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது காட்டு வழியாகத் தப்பி வந்தவர். 1989-ல் மே சோட்டில் மருத்துவமனை தொடங்கினார். தொடக்கத்தில் அறுவைக் கருவிகளைச் சோறு வேகவைக்கும் குக்கரில் போட்டுத்தான் கிருமி நீக்கினார்கள். ஆற்றைக் கடந்து வரும் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை கொடுத்த அந்தப் பணிக்காக 2002-ல் மக்சேசே விருது பெற்றார்.

மிஷன் வரலாற்றைப் படித்தாலும் இதையே காண்கிறேன். முதல் கரென் கிறிஸ்தவரான கோ தா பியூ, ஒரு காலத்தில் கொள்ளைக்காரர், கடனுக்காக அடிமைப்பட்டவர். 1828-ல் பர்மாவின் தவாய் ஊரில் அமெரிக்க மிஷனரி ஜார்ஜ் போர்ட்மனிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் மலைமலையாக நடந்து சுவிசேஷம் சொன்னவர் அவர்தான். போர்ட்மனுக்குக் கிராமங்களின் வாசலைத் திறந்துவிட்டவரும் அவர்தான். இழந்துபோன தெய்வப் புத்தகத்தை வெள்ளைத் தம்பி ஒருநாள் திருப்பிக் கொண்டுவருவான் என்று கரென் மக்களிடம் முன்பே ஒரு மரபுக் கதை இருந்தது. ஆகையால் மிஷனரியைச் சொந்தக்காரனாகவே எதிர்கொண்டார்கள். 1831-ல் போர்ட்மன் காசநோயால் சாகக் கிடந்தார். கரென் மக்கள் காட்டுக்குள் அவருக்காக ஒரு மூங்கில் மண்டபம் கட்டிவைத்து, நகரத்துக்கு வந்து கட்டிலோடு தோளில் சுமந்துபோனார்கள். அங்கே 34 பேர் ஞானஸ்நானம் பெறுவதைப் பார்த்தார். திரும்பும் வழியில் உயிர் பிரிந்தது. மிஷனரி வரலாறுகளில் அவரது தியாகத்தை எழுதுகிறோம், சரி. சுமந்த தோள்களுக்கு உரியவர்களின் பெயர்களையும் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

அந்தமான், மாயாபந்தர், பள்ளி ஆசிரியர்:

அக்கா, கரென் மக்களைக் காணத் தாய்லாந்து வரை போக வேண்டியதில்லை. 1925-ல் ஆங்கிலேய அரசு காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து கரென் குடும்பங்களை இங்கே குடியேற்றியது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள வேபி கிராமம் அப்படி உருவானதுதான். வீட்டில் கரென் மொழி, வெளியே இந்தி. சபையில் கரென் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இன்றும் புழங்குகின்றன. அந்த வேதாகமம் 1853-ல் மிஷனரி பிரான்சிஸ் மேசன் முடித்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. கரென் எழுத்தை அதற்கு முன்பே இன்னொரு மிஷனரி ஜோனதன் வேட் பர்மிய எழுத்தை ஒட்டி அமைத்துக்கொடுத்திருந்தார்.

தமிழன் என்று தெரிந்தும், சபை வேறு என்று தெரிந்தும், கிறிஸ்துமஸ் சமயத்தில் என்னை ஒரு வீட்டோடு விடமாட்டார்கள். ஒட்டரிசியும் தேங்காயும் சேர்த்த பலகாரம் ஒரு வீட்டில், ஓடையில் பிடித்த மீன் இன்னொரு வீட்டில். வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் (சோட்டா நாக்பூரிலிருந்து வந்த பழங்குடியினர்) தெலுங்கரும் அதே பந்தியில் இருப்பார்கள். என் மனைவிக்குப் பிரசவமான சமயம் நான் போர்ட் பிளேரில் மாட்டிக்கொண்டேன். அன்று படகும் ஓடவில்லை. வேபியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, ஒரு வாரம் சமைத்து, துணி துவைத்து, குழந்தையையும் பார்த்துக்கொண்டார்கள். நான் பணம் எடுத்தபோது அவர்கள் முகம் வாடிவிட்டது. பிறகு அவர்கள் வீட்டுத் திருமணத்துக்கு நாங்கள் குடும்பமாகப் போய்ப் பாத்திரம் கழுவினோம். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்.

சென்னை, நிவாரணப் பணியில் இருந்தவர்:

இரண்டு பகிர்வுகளும் மனத்தைத் தொட்டன. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கரென் மக்களில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. நான் பர்மாவின் பா-ஆன் பகுதியில், பௌத்தரான புவோ கரென் (கரென் மக்களில் ஒரு பிரிவினர்) குடும்பத்தில் தங்கினேன். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்து, சாப்பிடும் முன் நான் ஜெபித்து முடிக்கும்வரை வீடே கையைக் கட்டிக் காத்திருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் அவர்களிடம் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டும் சடங்கு உண்டு. விலகிய உயிர் உடலோடு சேர வேண்டும், சொந்தங்கள் பிரியாதிருக்க வேண்டும் என்று பெரியவர்கள் ஆசீர்வதித்துக் கட்டுவார்கள். அந்தப் பாட்டி என் கையையும் கேட்டு வாங்கிக் கட்டினார். இந்த உபசரிப்பைச் சுவிசேஷத்தின் கனி என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டிக்குச் செய்யும் அநியாயம் ஆகும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற செவிலியர்:

சகோதரர் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். விருந்தோம்பல் மிஷனரிகள் வரும் முன்பே அங்கே இருந்தது. அது இல்லாவிட்டால் போர்ட்மனுக்கு அந்த மண்டபமே இருந்திருக்காது. நூல் கட்டுவது பற்றிக் கரென் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் என்றால் கையை நீட்டியிருப்பேன்.

என்ன கொண்டுபோகலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: முகாமுக்குள் போகத் தாய்லாந்து அதிகாரிகளின் அனுமதி வேண்டும், அழைக்கும் சபையையே முன்கூட்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சாப்பாடு போட்ட வீட்டாரின் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள்; சபையின் பொதுத் தேவைக்குப் போதகரிடம் கொடுங்கள். வீடுகளுக்குப் போகும்போது எல்லோரும் பங்கிட்டுத் தின்னக்கூடியது ஏதாவது இருக்கட்டும். நான் கடலை மிட்டாய் கொண்டுபோனேன். ஒரு பாட்டும் தயாராக வைத்திருங்கள், வெளியூர்க்காரரை முன்னால் அழைத்துப் பாடச் சொல்வார்கள். பாமாலை (மேல்நாட்டு ராகத்தில் பாடும் ஆராதனைப் பாட்டுகள்) ராகம் என்றால் அவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் தமிழில் தொடங்குங்கள். இரண்டாம் அடியில் அவர்கள் கரென் மொழியில் நான்கு குரலில் சேர்ந்துகொள்வார்கள்.