மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம்: எந்தப் பிரிவு எதைப் பார்க்கிறது?

பாலாற்றுக்கரை (கேள்வி)

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் ஒரு ரசாயன ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது. ஆலையின் கழிவுநீர்க் குழாய் காப்புக்காடு ஒன்றின் வழியே போகும் என்றும் சொல்கிறார்கள். ஆட்சேபணை மனுவும் ஆர்டிஐயும் எழுத வேண்டும். தில்லி ஜோர் பாக் சாலையில் இருக்கும் இந்திரா பர்யாவரண் பவன்தான் தலைமையகம் என்பது தெரியும். உள்ளே யாருக்கு எழுதுவது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டியில் உள்ள மாநில வாரியம், சென்னை மண்டல அலுவலகம், ‘சியா’ என்கிறார்களே அது, இவையெல்லாம் அமைச்சகத்தின் கிளைகளா? யாருக்கு மேல் யார்?

கோப்பு எண் (பதில்)

யாருக்கு மேல் யார் என்று பார்த்துக்கொண்டு போனால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த அனுமதி, அதைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். ஒரே ஆலைக்கு மூன்று நான்கு அனுமதிகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் வேறு சட்டம், வேறு மேசை.

மனு எழுதும் முன் அமைச்சகத்தின் ஆன்லைன் அனுமதித் தளமான பரிவேஷில் விண்ணப்ப எண்ணைத் தேடி எடுங்கள். ‘ஐஏ/டிஎன்’ என்று தொடங்கினால் கோப்பு தில்லியில் இருக்கிறது. ‘எஸ்ஐஏ/டிஎன்’ என்றால் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தில். நீங்கள் சொல்லும் சியா இதுதான். ‘எஃப்பி/டிஎன்’ என்றால் அது வன நிலக் கோப்பு.

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திட்டங்களை ஏ, பி என்று பிரிக்கிறது. ஏ பிரிவு அமைச்சகத்துக்கு, பி பிரிவு சியாவுக்கு. உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, ஆலை சிப்காட் போன்ற அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது. செயற்கை கரிம ரசாயன ஆலைகள் பொதுவாக வெளியே இருந்தால் ஏ, உள்ளே இருந்தால் பி. மாநில எல்லையோ சரணாலயமோ 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் பல வகைகளில் பி-யும் தில்லிக்குப் போய்விடும். இந்தத் தூரம் முன்பு 10 கிலோமீட்டராக இருந்தது, 2014-இல் குறைத்தார்கள். பழைய கட்டுரைகளைப் பார்த்து 10 என்று மனுவில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல்: சியாவின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. அது முடிந்து புதிய ஆணையம் அமையாத இடைவெளியில் பி பிரிவுத் திட்டங்களையும் தில்லியே பார்க்கும். அதனால் மனு அனுப்பும் நாளில் கோப்பு எங்கே நிற்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லியில் இந்தக் கோப்புகளை வைத்திருப்பது தாக்க மதிப்பீட்டுப் பிரிவு. தொழிற்சாலை, சுரங்கம், அனல் மின்சாரம், நதிப் பள்ளத்தாக்கு, கட்டுமானம் என்று துறைவாரியாகப் பிரிந்திருக்கும். அமைச்சகத்தின் பழைய கடிதங்களில் ‘ஜே-11011’ என்றிருந்தால் தொழிற்சாலை, ‘ஜே-11015’ சுரங்கம், ‘ஜே-12011’ நதிப் பள்ளத்தாக்கு, ‘ஜே-13012’ அனல் மின்சாரம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிபுணர் மதிப்பீட்டுக் குழு உண்டு. அதன் உறுப்பினர் செயலர் அமைச்சகத்தின் விஞ்ஞானி ஒருவர். கோப்பு அவரிடம்தான் இருக்கும். அமைச்சர் பெயருக்கு அனுப்பும் மனுவும் சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து சேரும், ஆனால் அதற்குள் குழுவின் கூட்டம் முடிந்திருக்கும். நிகழ்ச்சி நிரல் வந்தவுடன் உறுப்பினர் செயலர் பெயருக்கே, விண்ணப்ப எண்ணையும் ஆலையின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் பக்க எண்ணையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். ‘ஆலை வேண்டாம்’ என்று மட்டும் சொல்லும் மனுவைக் குழுவால் எதுவும் செய்ய முடியாது. ‘இன்ன பக்கத்தில் நிலத்தடி நீர் மாதிரி எடுத்த இடம் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது’ என்று எழுதினால் ஆலைத் தரப்பிடம் விளக்கம் கேட்க வழி உண்டு.

நீரோட்டம் (பதில்)

கிளையா என்ற கேள்விக்கு வருகிறேன். மாநில வாரியம் மத்திய வாரியத்தின் கிளை அல்ல. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் 1974 நீர்ச் சட்டத்தை அரசமைப்பின் 252-ஆம் பிரிவின்படி, மாநிலங்களின் தீர்மானங்களைப் பெற்றுத்தான் நாடாளுமன்றம் இயற்றியது. மாநில வாரியத்தை அமைப்பதும் தலைவரை நியமிப்பதும் மாநில அரசு. மத்திய வாரியம் நீர்ச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ் அதற்கு உத்தரவு அனுப்பலாம், அவ்வளவுதான்.

ஆலை நிறுவவும் இயக்கவும் இசைவாணை தருவது, பொதுக் கருத்துக் கேட்பு நடத்துவது இரண்டும் மாநில வாரியத்தின் வேலை. கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதி கிடையாது. ஆள் வரவில்லையென்றால் கேட்பு செல்லாது என்று நம்பி ஊரே புறக்கணிப்பது பெரிய இழப்பு. எதிர்ப்பே இல்லை என்று பதிவாகிவிடும். எழுத்து மூலமான ஆட்சேபணையையும் அவசியம் கொடுங்கள்.

சில பொறுப்புகள் அமைச்சகத்தை விட்டே போய்விட்டன. 2019 முதல் நதிப் பாதுகாப்பு ஜல் சக்தி அமைச்சகத்திடம்.

கானகம் (பதில்)

குழாய் காட்டு வழியே போகிறது என்றால் அது தனிக் கோப்பு. அமைச்சகத்துக்குள் இது வேறொரு வரிசை: செயலாளர் ஐஏஎஸ், வனப் பக்கத்தின் தலைவரான வன இயக்குநர் ஜெனரல் ஐஎஃப்எஸ் (இந்திய வனப் பணி). சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது என்பதற்காக வன அனுமதி கிடைத்ததாக ஆகாது.

விண்ணப்பம் மாவட்ட வன அலுவலர், தலைமை வனப் பாதுகாவலர், மாநிலத்தின் பொறுப்பு அலுவலர், மாநில அரசு என்று மேலேறும். சாலை, குழாய், மின்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களைப் பரப்பளவு எவ்வளவானாலும் மண்டல அலுவலகமே பார்க்கும். தில்லியில் உள்ள வன ஆலோசனைக் குழு வரை போகாது. ஆகவே உங்கள் மனு சென்னைக்கு. காடு சரணாலயமாக இருந்தால் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு உள்ளே வரும்.

முதல் நிலை ஒப்புதல் என்பது நிபந்தனைப் பட்டியல்தான். ஈடுசெய் காடு வளர்ப்புக்கும் காட்டின் நிகர மதிப்புக்கும் பணம் கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே இரண்டாம் நிலை. அதற்கும் பிறகு மாநில அரசு ஓர் ஆணை பிறப்பிக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு அந்த ஆணையின் மீதுதான். முதல் நிலைக் கடிதத்தை எதிர்த்துப் போய் காலத்தை வீணாக்க வேண்டாம்.

பாலாற்றுக்கரை

மிக்க நன்றி. ஆலை தொழிற்பேட்டைக்கு வெளியே, எண் ‘ஐஏ’ என்றுதான் தொடங்குகிறது. பழைய அனுமதியின் நிபந்தனைகளையே மீறியிருக்கிறார்கள் என்று சந்தேகம். அதை எங்கே கேட்பது?

கோப்பு எண்

அதற்கும் சென்னை மண்டல அலுவலகம்தான், ஆனால் அங்கே வேறு பிரிவு. அனுமதி பெற்ற நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை தர வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். மண்டல அலுவலகம் ஆய்வு செய்து அறிக்கை அனுப்பும். ஆலையை மூடும் அதிகாரம் அதற்கில்லை. 1986 சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்புவது அமைச்சகம்.

உங்களுக்குச் சாதகமான ஒன்று: விரிவாக்கம் என்பதால் பழைய நிபந்தனைகள் பற்றிச் சான்றளிக்கப்பட்ட இணக்க அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது. ஆய்வுக்கு அதிகாரி வரும் முன்பே புகைப்படம், தேதி, நிபந்தனை எண் ஆகியவற்றோடு மனு போய்ச் சேரட்டும். பொத்தாம் பொதுவாக ‘மாசு’ என்று எழுதினால் அந்த அறிக்கையில் இடம்பெறாது.

நீரோட்டம்

ஆர்டிஐ பற்றி: அமைச்சகத்துக்கும் மத்திய வாரியத்துக்கும் மத்திய ஆன்லைன் தளத்தில் 10 ரூபாய் கட்டித் தனித்தனியாகப் போடுங்கள். மாநில வாரியம், சியா இரண்டையும் அந்தத் தளத்தில் கேட்டால் திருப்பிவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது. தபாலில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம்.

அனுமதி வந்துவிட்டால் தேதியைக் கவனியுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம். 91-ஆம் நாள் போனால் எவ்வளவு நல்ல வழக்கானாலும் எடுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், ஊராட்சிக்கும் நகல் அனுப்ப வேண்டும். அந்த நாளிதழை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்; நாள் எப்போது தொடங்கியது என்று வாதாட அதுவே ஆவணம்.