காவடி ஆடுபவரின் முகம் மட்டும் மங்குகிறது, ஏன்?

நல்லூர்த் தேரன்று கெனன் கமெராவில் எடுத்தேன். ஒரு படத்தில் பின்னால் நிற்கும் சனம் துல்லியம், மற்றதில் மயிலிறகு இழை இழையாகத் தெரிகிறது, முகம்தான் இரண்டிலும் இல்லை. ஃபோகஸை எப்படி வைப்பது அண்ணைமார்?

— தம்பி, கமெரா ஒன் ஷொட் என்ற ஃபோகஸ் முறையில் இருந்திருக்கும். அது ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான், ஆள் ஓரடி முன்னால் வந்தாலே போய்விடும். ஏஐ சேர்வோவுக்கு மாற்றுங்கள், பொத்தானை அரைவாசி அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஆளைத் துரத்தும். நிக்கோன், சோனியில் இதன் பெயர் ஏஎஃப்-சி.

— முழுப் பரப்பையும் கமெராவிடம் விட்டால் முன்னுக்கு நிற்கும் மயிலிறகைத்தான் பிடிக்கும். ஃபோகஸ் பிடிக்கும் இடத்தைச் சின்ன ஸோனாக வைத்து முகத்தில் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/500 செக்கனைவிட மெதுவாக வேண்டாம், கைகால் இழுபடும்.

— சரி அண்ணை, ஒன் ஷொட்டில்தான் இருந்திருக்கிறது! நாளைக்குப் பெடியள் பந்தடிக்கும்போது முயன்று பார்க்கிறேன்.