தில்லி: தலைநகரங்கள் மீண்டும் மீண்டும் எழுந்தது ஏன்?

கேள்வி: மெஹ்ரௌலி, துக்ளகாபாத், ஷாஜகானாபாத் (முகலாயப் பேரரசர் ஷாஜகான் எழுப்பிய இன்றைய பழைய தில்லி), புது தில்லி எனத் தலைநகரம் சில மைல் தொலைவுக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது. ஆட்சியாளர்கள் இதே நிலப்பரப்பை விடாமல் தேர்ந்தெடுத்தது ஏன்?

மறுமொழி 1: நில அமைப்பே முதற்காரணம் என்பேன். ஆரவல்லித் தொடரின் வடமுனைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட இந்நிலம், கோட்டைக்குக் கல்லையும் மக்களுக்கு நீரையும் தந்ததோடு, வடமேற்கிலிருந்து கங்கைச் சமவெளிக்குச் செல்லும் வழியையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது.

மறுமொழி 2: ஆயினும் எல்லா நகரமும் நிலைக்கவில்லை. துக்ளகாபாத் விரைவிலேயே கைவிடப்பட்டது. ஷாஜகானாபாத்தின் சாந்தினி சௌக்கோ, 17ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை கடைவீதியாகவே உயிர்த்திருக்கிறது; என்னை நெகிழவைப்பது இத்தொடர்ச்சிதான்.

மறுமொழி 3: நினைவும் ஒரு காரணம். 1911 டிசம்பர் 12 அன்று, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தபோது, முகலாயர்களின் அரியணைப் பெருமைக்கும் ஆங்கிலேயர் உரிமை கோரினர். அவர்கள் 1931இல் திறந்துவைத்த புது தில்லியிலிருந்து 16 ஆண்டுகளே ஆண்டனர்.