பால் பவுடர் கிடைக்கவில்லை, தாய்ப்பாலுக்கு மாற உதவுங்கள்

என் குழந்தைக்கு இன்று 12 நாள். பால் போதவில்லையோ என்ற பயத்தில் 3-ஆம் நாளிலிருந்தே பவுடர் பாலும் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது தட்டுப்பாடு, வீட்டில் இருப்பது 4 நாளுக்குத்தான் வரும். தண்ணீரைக் கூட்டிக் கலக்குவது ஆபத்து என்று தெரியும், அதைச் செய்ய மாட்டேன்.

பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை மார்பில் போடுகிறேன். 6 டயபர் நனைகிறது, அது ஒரு நிம்மதி. ஆனால் காம்பை மட்டும் கவ்வுகிறான் போல, வலி உயிர் போகிறது. (மாமியார் ‘பொறுத்துக்கோ’ என்கிறார். சரி, எத்தனை நாள்?)

குழந்தை கவ்வும் விதத்தை நேரில் பார்த்துத் திருத்தும் தாய்ப்பால் ஆலோசகரை எப்படித் தேடினீர்கள்? பவுடரைப் படிப்படியாகக் குறைத்தவர்கள், எடையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தீர்கள்? அப்புறம், பம்ப் செய்ததில் பால் கூடியதா?