சேற்றுப் பையன், விதவை ராணி நாடகம்: மனசுல நின்ன இடத்தை எழுதுங்க

மலைக்காற்று (ஏற்காடு):
அந்த விக்டோரியா நாடகம்தான். லண்டன் தேம்ஸ் ஆத்துச் சேத்துல பொறுக்கித் திரியற பையன் இங்கிலாந்து ராணியோட அரண்மனைக்குள்ள வந்து மேசைக்கடியில ஒளிஞ்சுக்கற கதை. ராணி திரும்பறா, மேசை விரிப்புக்குக் கீழ பையனோட கால் ரெண்டும் தெரியுது. கத்தல, காவலனையும் கூப்பிடல. அந்தக் காலையே பார்த்துக்கிட்டு நிக்கறா. சரியா அந்த நேரம் பார்த்து வயலினைப் போட்டு விட்டாங்க. அங்க எதுக்கு இசை? அவ புருஷன் ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14ல போனவர். அதுக்கப்புறமும் தினம் அவர் அறைக்குச் சுடுதண்ணியும் மாத்துத்துணியும் கொண்டு போய் வைக்கச் சொன்னவ அவ. அந்த அறை மாதிரியே மேடையும் அசையாம இருக்கணும்.

ஒப்பனைப்பெட்டி (செவ்வாய்ப்பேட்டை):
கால் தெரிஞ்சது சரிங்க அக்கா, சேறு நின்னுச்சா? சேலத்துல போட்டப்போ பையன் தவழ்ந்த வழியெல்லாம் ஓடு ஓடா உதிர்ந்து, ராணி பாவாடை விளிம்புல வெளுப்பா ஒட்டிக்கிச்சு. வெறும் களிமண்ணைப் பூசினா இந்தக் கதிதான். முல்தானி மெட்டி நாலு ஸ்பூன், காய வச்ச காப்பி மண்டி ஒரு ஸ்பூன், கிளிசரின் அரை ஸ்பூன், தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. கிளிசரின் இல்லேன்னா சித்திரை வெயில்ல பத்து நிமிஷத்துல வெடிச்சிடும். ஏற்காட்டு மூடுபனியில தலைகீழ், காயவே காயாது. அங்க கிளிசரினைப் பாதியாக் குறைங்க. உள்ளங்கால்ல மட்டும் பூசாதீங்க, மரப்பலகையில வழுக்கும். சின்னப் பசங்க தோல், முதல் நாளே முழங்கையில தடவிப் பார்த்துடணும். சட்டையில சேறு வேண்டாம், துணிச்சாயத்துல கறை வரைஞ்சுடுங்க.

கறுப்புத்துணி:
விளிம்புல ஒட்டினதுக்குச் சேறு மட்டும் காரணமில்லைங்க அண்ணா. பாவாடைக்குள்ள வட்டமா வளையக்கூண்டு வச்சிருந்தாங்க. கதை நடக்கறது 1876. கூண்டு பாவாடை 1860களோட சரி. அப்புறம் முன்பக்கம் ஒட்டி, பின்பக்கம் மட்டும் கொசுவி உப்பின பாவாடைதான். அதைத் தைச்சிருந்தா முன்விளிம்பு பையன் மேல உரசியே இருக்காது.

இன்னொண்ணு: தலை முதல் கால் வரை ஒரே சாட்டின். கறுப்புத் திரைக்கு முன்னால முகமும் கையும் மட்டும் மிதந்துச்சு. உடம்புக்கு மினுமினுக்காத பருத்தி, கைமடிப்புல மட்டும் சாட்டின், கழுத்துல கறுப்புக் கண்ணாடி மணி, தலையில வெள்ளை விதவைத்தொப்பி. பின்னால சாம்பல் நிறத் திரை, பக்கவாட்டுல பின்னாலிருந்து ஒரு விளக்கு. துணி வாங்கறப்பவே எல்இடி விளக்குல பிடிச்சுப் பாருங்க. சாயத்தைப் பொறுத்துச் சில கறுப்பு செந்நீலமாத் தெரியும்.

வசிஷ்டநதி (ஆத்தூர்):
துணியும் சேறும் பேசியாச்சு. பிரதமர் டிஸ்ரேலி ராணிகிட்ட 'இந்தியாவின் பேரரசி' பட்டத்தைச் சொல்ற காட்சி ஒரு நிமிஷத்துல ஓடிடுச்சே, அதை யாரும் கேக்கலையே? 1877 ஜனவரி 1ல டெல்லியில தர்பார் கூட்டி அந்தப் பட்டத்தை அறிவிச்சாங்க. அதே நேரம் சேலம் ஜில்லா தாது வருஷப் பஞ்சத்துல கிடந்துச்சு. அதே மாசம் நிவாரண வேலைக்கு, பஞ்சத்தைக் கவனிக்க சர்க்கார் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள்ங்கற அதிகாரி வச்ச கூலி, ஒரு ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் சொச்சம், கூட ஓரணா. தேம்ஸ் சேத்துல செப்பு ஆணி பொறுக்கற பையனுக்கு அழுத கூட்டத்துக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க அப்போ என்ன தின்னுச்சுன்னு ஒரு வரி கூடவா சொல்லக்கூடாது?

மலைக்காற்று (ஏற்காடு):
சொல்லணும் ஐயா, ஆனா ராணி வாயால வேண்டாம். பட்டம் பேசற காட்சியில சேவகன் தட்டை வச்சிட்டுப் போறப்போ தந்தி படிக்கிற குரலா வரட்டும், அந்தக் கூலி கதைக்கு அடுத்த வருஷத்ததா இருந்தாலும் பரவாயில்லை: ஊர்ப் பேரு, கூலி அளவு, அவ்வளவுதான். பையன் மேசைக்கடியில இருந்து அதைக் கேக்கணும். அதுக்கு மேசை மேடை விளிம்புல இருந்து மூணு அடிக்குள்ள, கொஞ்சம் சாய்வா இருக்கணும். விரிப்பு தரைக்கு அரை அடி மேலயே நிக்கணும். அப்பதான் கடைசி வரிசைக்கும் கால் தெரியும். ஏற்காட்டுல மேசையைப் பின்னால தள்ளி வச்சதுல, நாலாவது வரிசைக்கு அப்புறம் யாருக்கும் அந்தக் கால் தெரியவே இல்லை.